முத்தத்துக்கு முந்தின பத்து நிமிஷம்

தாய்லாந்து பிஎல் தொடர்களை, அதாவது 'பாய்ஸ் லவ்' என்று இரண்டு ஆண்களுக்கு நடுவே வரும் காதல் கதைகளைப் பார்ப்பேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "அதுல முத்தக் காட்சி எல்லாம் வருமாமே?" என்பதுதான். வரும். ஆனால் நாலைந்து தொடர் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் அந்த முத்தம்தான் இருப்பதிலேயே சுமாரான இடம். உதட்டோடு உதட்டை வைத்துவிட்டு இரண்டு பேரும் கவரில் ஒட்டிய தபால்தலை மாதிரி அசையாமல் நிற்பார்கள், கேமராதான் பாவம் சுற்றிச் சுற்றி வரும். 2020 லாக்டவுனில் ஊர் உலகமெல்லாம் பார்த்த '2கெதர்' தொடரில் அதற்கும் கஞ்சத்தனம். சாரவத்தும் டைனும் காதலர்கள் என்பதை நாமாகத்தான் நம்பிக்கொள்ள வேண்டும், ரசிகர்கள் புலம்பித் தீர்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடப்பது. ஈரத் தலையைத் துவட்டிவிடுவது, ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துவிடுவது, தன் தட்டில் இருக்கும் நல்ல துண்டை எடுத்து அடுத்தவன் சோற்றில் வைப்பது, காய்ச்சலில் கிடப்பவனுக்கு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுவது (யாருக்கும் காய்ச்சலே வராத பிஎல் தொடர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்). கன்னத்தில் மூக்கை வைத்து மூச்சை இழுத்து மோந்து பார்ப்பதும் அந்த ஊரில் முத்தம்தான். முதல் தடவை பார்த்தபோதே எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை, எங்கள் அப்பத்தா உச்சி மோந்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஆனால் அதையே ஒரு வாலிபன் இன்னொரு வாலிபனுக்குச் செய்யும்போது வயிற்றுக்குள் என்னவோ புரளுகிறது.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்ப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. சிம்மக்கல்லில் இருந்து கோரிப்பாளையம் வரை ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள், தோளில் கை போட்டபடி, சுண்டுவிரலைக் கோத்தபடி, ஒரே பைக்கில் மூன்று பேராக ஒட்டிக்கொண்டு பயல்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே நேரம் தெப்பக்குளத்துப் படியில் ஒரு பையனும் பெண்ணும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாலும் போதும், போகிறவர் வருகிறவர் எல்லாம் முறைப்பார்கள். ஆம்பளையும் ஆம்பளையும் தொட்டுக்கொள்ள இந்த ஊரில் தடையே கிடையாது, மாப்ள, பங்காளி என்று சிரித்துக்கொண்டிருக்கும் வரைக்கும். "எனக்கு உன்மேல் வேறு மாதிரி இருக்குடா" என்று சொன்னால்தான் சிக்கல். சொல்லாமலே காலேஜ் முழுக்க ஒருத்தன் தோளில் கை போட்டுத் திரிந்தவன் நான். அதனாலோ என்னவோ, இந்தத் தொடர்களில் தொடுகிற இடத்தைவிட, சொல்லப் போகிற இடத்தில்தான் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

'பேட் பட்டி' (2021) அதைப் பிரமாதமாகச் செய்தது. பாட், பிரான் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு, இரண்டு குடும்பத்துக்கும் ஆகாது. நம்ம பக்கம் எடுத்திருந்தால் முதல் எபிசோடிலேயே அரிவாள் வந்திருக்கும். ஐந்தாவது எபிசோடில் மொட்டை மாடியில் முத்தம். நன்றாகவே நடித்த முத்தம், ஆனால் அது முடிந்ததும் பிரான் விலகிப் போய்விடுவான், நமக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி ஆகிவிடும். யார் புருஷன், யார் பொண்டாட்டி என்று பழைய தொடர்கள் அடித்த ஜோக்கையும் இது கிண்டல் பண்ணியது.

அதே இயக்குநரின் 'மூன்லைட் சிக்கன்' (2023) தலைகீழ். பட்டாயாவில் ராத்திரிக் கோழிச்சோற்றுக் கடை நடத்தும் ஜிம், குடித்துவிட்டு வந்து சேரும் வென். படுக்கை முதல் எபிசோடிலேயே வந்துவிடும், நெருக்கம்தான் வர மாட்டேன் என்கிறது. கடன், வாடகை, பழைய காதல், களைப்பு, இதற்கு நடுவில் இரண்டு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கே அவ்வளவு பாடு. தூங்கா நகரத்துக்காரனுக்கு நடுராத்திரிச் சாப்பாட்டுக் கடையைக் காட்டினால் பாதி மனசு அங்கேயே போய்விடும், அது வேறு விஷயம். ஜிம்மின் கூடப்பிறந்தவள் மகன் லீ மிங், காது கேளாத ஹார்ட்டுக்காகச் சைகை மொழி கற்றுக்கொள்வான். அந்த இரண்டு பயல்கள் கையாலேயே பேசிக்கொள்வதை விடக் கூச்சமும் ஆசையும் கலந்த காட்சியை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை.

எல்லாமே இப்படி இல்லை. 2019-ல் வந்த 'தார்ன்டைப்' பெரிய ஹிட், ஆனால் அதன் ஆரம்ப எபிசோடுகளில் வேண்டாம் என்கிறவனைச் சீண்டுவதையே காதலுக்கு முதல் படியாகக் காட்டுவார்கள். பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்க வைக்கும் ஹீரோக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வியாதி நன்றாகவே தெரியும், இரண்டும் ஆண் என்பதால் அது ரொமான்ஸ் ஆகிவிடாது. 2022-ல் வந்த 'கின்போர்ஷ்' கட்டில் காட்சிகளில் கூச்சப்படவே இல்லை, டிவிக்கு ஒரு வெட்டு, ஆன்லைனில் வெட்டாத ஒன்று என்று போனது. எனக்கு அதில் மாஃபியா கொஞ்சம் ஓவர்.

அங்கே 2025 ஜனவரி 23 முதல் இரண்டு ஆண்கள் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். இங்கே 2018-ல், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-வது சட்டப் பிரிவைத் தளர்த்தினார்கள், 2023-ல் கல்யாணம் நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

சரி, புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு: '2கெதர்' வேண்டாம், 'மூன்லைட் சிக்கனில்' ஆரம்பியுங்கள், எட்டே எபிசோடுதான். வீட்டில் தாராளமாகப் பார்க்கலாம், முதல் எபிசோடுக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.