தாழ்வாரத்துக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 18, 2024, வியாழன்

36 வாரச் செக்-அப் முடிந்தது. மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் படித்த மருத்துவச்சி) டேப் வைத்து வயிற்றை அளந்தார், குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று அழுத்திப் பார்த்தார். கீழேதான் இருக்கிறது. அப்புறம் எங்கே பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கேட்டார். இங்கிலாந்தில் இதை நம்மிடமே கேட்கிறார்கள். வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம், மிட்வைஃப்களே பிரசவம் பார்க்கும், தனிக் கட்டடமாக இருக்கும் பர்த் சென்டருக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் பர்த் சென்டருக்குப் போகலாம். இல்லையென்றால் டாக்டர்கள் இருக்கும் லேபர் வார்டு.

ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் பர்த் சென்டர் என்று சொல்லிவிட்டேன். முதல் பிரசவம் சுகப்பிரசவம், பிரஷர் இல்லை, ரத்தம் குறைவில்லை. தெற்காசியர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து முன்பே பார்த்திருந்தார்கள். அது வந்திருந்தால் பெரும்பாலும் லேபர் வார்டுதான்.

அறையைக் காட்டினார்கள். பெரிய தொட்டி, தரையில் மெத்தை, உட்கார்ந்து ஆட ஒரு பந்து. கட்டில் ஓரமாகக் கிடந்தது. குழந்தைக்கு மூச்சுத் திணறினால் வேண்டிய ஆக்ஸிஜன் எல்லாம் அலமாரிக் கதவுக்குப் பின்னால். எபிடியூரல், அதாவது வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து, இங்கே கிடையாது. வேண்டுமென்றால் தாழ்வாரத்தின் மறுகோடியில் இருக்கும் லேபர் வார்டுக்குப் போக வேண்டும். எனக்குத் தொட்டியைவிட அந்தத் தாழ்வாரம்தான் பிடித்தது. நடந்தே போய்விடும் தூரம்.

ஜனவரி 27, சனி

அம்மா வந்து சேர்ந்துவிட்டாள். பெட்டியில் பாதி இடம் பிரசவ லேகியத்துக்கும் சுக்கு, திப்பிலிக்கும் போயிருக்கிறது. மீதியில் பழைய வேட்டித் துணி.

ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். "டாக்டர் இல்லாமலா? உங்க அம்மாச்சி மருத்துவச்சிகிட்டப் பெத்தாங்க. அதுல ரெண்டு தங்கலையே, தெரியுமா உனக்கு?" என்றாள். அப்புறம் மருமகன் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லக் கூடாதா மாப்பிள்ளை?" இவர் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

அம்மாவின் பயம் பொய்யில்லை. அதனால் படித்ததைச் சொன்னேன். 2011-இல் இங்கிலாந்தில் 64,000-க்கும் மேற்பட்ட, சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. தலைப்பிரசவக்காரிகள் வீட்டிலோ பர்த் சென்டரிலோ ஆரம்பித்தால் நூற்றில் 36 முதல் 45 பேர்வரை லேபர் வார்டுக்கு மாற வேண்டியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் 9 முதல் 13 பேர்தான். அவர்கள் எங்கே பெற்றாலும் குழந்தைக்கு நேரும் ஆபத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இது தலைப்பிரசவமாக இருந்தால் நானே லேபர் வார்டு என்றுதான் சொல்லியிருப்பேன்.

"நூத்துல பத்துப் பேர்னா பத்துப் பேருதானே" என்றாள் அம்மா. சரிதான்.

பெரியவளைத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றேன். நல்லபடியாகக் கையில் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலி வர டிரிப்ஸ் ஏற்றி, மல்லாக்கப் படுக்கவைத்து, கேட்காமலே தையல் போடும் அளவுக்கு வெட்டி, இவரை வாசலோடு நிறுத்தி, எல்லாம் அவர்கள் அவசரத்துக்கு நடந்தது. பக்கத்தில் இருந்து பேசியது ஆயாம்மா மட்டும்தான். அந்த அம்மா கையைப் பிடித்திருக்காவிட்டால் இன்னொன்று வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது.

பிப்ரவரி 10, சனி

சாயங்காலத்திலிருந்து வலி. இவர் காரில் பையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். அம்மா அசரவில்லை. சீரகத்தை வறுத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சூட்டு வலி என்றால் அடங்கும், பிரசவ வலி என்றால் கூடும் என்பது அவள் கணக்கு. போன் செய்தபோது மிட்வைஃப் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்: வெந்நீரில் குளி, ஒரு பாராசிட்டமால் போடு, வலி நெருங்கி வந்தால் கூப்பிடு. அடங்கிவிட்டது.

பிப்ரவரி 14, புதன் (வார்டில் இருந்து)

பையன். 3.4 கிலோ. நேற்று விடிகாலை 4.50-க்குப் பிறந்தான்.

ராத்திரி ஒரு மணி வாக்கில் பனிக்குடம் உடைந்தது. போனில் முதல் கேள்வி, தண்ணீர் என்ன நிறம் என்பது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம், பர்த் சென்டர் கிடையாது. தெளிவாக இருந்தது. பெரியவளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். ரோமன் ரோடு தாண்டும்போதே வலி மூன்று நிமிடத்துக்கு ஒன்று.

நைஜீரியாவில் பிறந்து இங்கே வேலை பார்க்கும் மிட்வைஃப். என்னைவிட வயதில் பெரியவர். சோதித்துப் பார்த்து, கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார், தொட்டியை நிரப்பினார், வெப்பமானி போட்டு 37 டிகிரி என்று பார்த்தார். அப்புறம் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கால் மணிக்கு ஒரு தடவை, வலி விட்டதும், தண்ணீருக்குள்ளேயே வைக்கும் சின்ன டாப்ளரால் ஒரு நிமிடம் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார், எழுதுவார். மற்றபடி ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் பார்த்தேன். அந்த இரண்டரை மணி நேரத்தில் அவர் போனை எடுக்கவில்லை.

வலிக்கு வாயுக் குழாய். பாதி நைட்ரஸ் ஆக்ஸைடு, பாதி ஆக்ஸிஜன். வலி போகாது, ஆனால் அது யாருக்கோ வலிப்பதுபோல ஆகிவிடும். நடுவில் நான் சத்தமாகச் சிரித்தேனாம், இவர் சொல்கிறார்.

முட்டி போட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பெற்றேன். தலை வரும்போது முக்காதே, ஊது என்றார். ஊதினேன். இந்த முறை தையல் இல்லை. தொப்புள்கொடி துடிப்பது நின்று வெளுக்கும்வரை யாரும் வெட்டவில்லை. இவர் கையால் வெட்டவைத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் அம்மாவிடம் ஜெயித்திருப்பேன். நஞ்சுக்கொடி வரவில்லை. ஊசி இல்லாமல் தானாக வரட்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்கு ஒரு மணி நேரம்வரை காத்திருப்பார்கள். குழந்தையைப் பால் குடிக்கவைத்தோம், எழுந்து குந்தி உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. தொடையில் ஊசி போட்டார்கள். அப்போதும் இல்லை, ரத்தம் மட்டும் கூடியது. அதுவரை உட்கார்ந்திருந்தவர் எழுந்த வேகம்! பட்டனை அழுத்தினார், இன்னும் இருவர் வந்தார்கள், கட்டிலோடு என்னைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தின் அந்தப் பக்கம். குழந்தை என் நெஞ்சிலேயே இருந்தான்.

லேபர் வார்டில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கையால் எடுக்க வேண்டியிருக்கும், முதுகில் ஊசி போட்டுத் தியேட்டருக்குப் போகலாம் என்று டாக்டர் விளக்கி, கையெழுத்து வாங்கினார். டியூப் வைத்துச் சிறுநீரை எடுத்துவிட்டு, டாக்டர் கடைசியாக ஒரு முறை கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வந்துவிட்டது. முழுசாக இருக்கிறதா என்று தட்டில் விரித்துப் பார்த்தார்கள். 700 மில்லி ரத்தம் போயிருந்தது. ஆறு மணி நேரத்தில் வீடு என்ற திட்டம் போய், ஒரு ராத்திரி வார்டு.

பட்டர் தடவிய டோஸ்டும் டீயும் கொண்டுவந்தார்கள். அமிர்தம். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருத்தி. இருந்தாலும் மறுபடி கேட்டால் அதே இடத்தைத்தான் சொல்வேன், ஊசியை மட்டும் முதலிலேயே போடச் சொல்வேன். பர்த் சென்டர் என்றால் டாக்டரை வேண்டாம் என்று சொல்வது என நினைக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எனக்கு வேண்டாதது அவசரமில்லாத நேரத்து அவசரம். அவசரம் என்றானதும் டாக்டர் வேண்டும், சீக்கிரம் வேண்டும். தனிக் கட்டடமாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் ஆம்புலன்ஸில் கிடந்திருப்பேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பையனின் குதிகாலில் குத்தி, அட்டையில் நான்கு பொட்டு ரத்தம் எடுத்தார். பிறவி நோய்கள் இருக்கிறதா என்று பார்க்க, பிறந்த ஐந்தாம் நாள் இது. அவன் அழுததில் அம்மாவும் அழுதாள். பெரியவள் காதைப் பொத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

லேகியம் தினமும் ஒரு உருண்டை. கூடவே ரத்தம் ஊற இரும்பு மாத்திரை. மிட்வைஃபிடம் லேகியத்தைக் காட்டினேன், இஞ்சி வாசனை நன்றாக இருக்கிறது என்றார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஈஸ்ட் ஹாம் கடையில் உறைந்த பால் சுறா கிடைத்ததாம். புட்டு செய்து போட்டாள் அம்மா. பூண்டுக் குழம்பு நேற்றே ஆயிற்று. பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் தினமும் சண்டை.

பையனைக் காலையில் இளவெயிலில் காட்ட வேண்டும் என்கிறாள். இந்த ஊரில் பிப்ரவரியில் வெயிலுக்கு எங்கே போவது? அதற்குப் பதில் வைட்டமின் டி சொட்டு மருந்து. பெயர் இன்னும் முடிவாகவில்லை. 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இவர் வீட்டில் ஒன்று, எங்கள் வீட்டில் ஒன்று சொல்கிறார்கள். பெரியவள் வைத்த பெயர் டிராக்டர்.