பெங்களூருவுக்கு ஓர் ஐந்தொகை

காரைக்குடியை விட்டுப் பெங்களூருவுக்குக் குடிபெயர்வதா என்னும் கேள்வி எங்கள் வீட்டில் நான்கு மாதங்களாக இருந்தது. அங்கே எனக்குக் கிடைத்த வேலையில் சம்பளம் 52,000 ரூபாயிலிருந்து 95,000 ரூபாயாக உயரும் என்பதால், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே உறவினர் பலரும் கேட்டார்கள். பழைய கடைக்கணக்கு முறைப்படி வரவையும் செலவையும் எதிரெதிரே வைத்து ஓர் ஐந்தொகை எழுதிப் பார்த்த பிறகே நான் பதில் சொன்னேன்.

இங்கே பூர்வீக வீட்டில் எங்கள் பங்கில் இருக்கிறோம், வாடகை கிடையாது. அங்கே நாங்கள் பார்த்த இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகையும் பராமரிப்புமாக 31,500 ரூபாய். ஆறு மாத வாடகையான 1,68,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, அது வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் 11 மாதத்துக்கே ஒப்பந்தம் எழுதுகிறார்கள். ஒவ்வொரு புதுப்பித்தலும் வாடகையைக் கூட்டிக் கேட்பதற்கு ஒரு வாய்ப்பாகிவிடுகிறது. பள்ளிக்கும் வேனுக்கும் கூடுதலாக 5,000, ஊருக்கு வந்து போவதற்கும் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் 3,000 என்று கழித்தபோது, 43,000 ரூபாய் உயர்வில் மிஞ்சியது 3,500 ரூபாய்தான்.

வரிகளில் பெரிய வேறுபாடு இல்லை. தொழில் வரி எந்த மாநிலத்திலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்ட முடியாது. கார் மட்டும் வேறு கதை. 12 மாதங்களுக்கு மேல் அங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்து, கர்நாடகத்தின் ஆயுள் வரியையும் கட்ட வேண்டும். எனவே அதை இங்கேயே விற்றுவிட முடிவு செய்தோம்.

அந்த 3,500 ரூபாய்க்காக ஊரை விடுவது சரியல்ல என்று நான் ஏறக்குறைய முடிவுக்கே வந்திருந்தேன். மனத்தை மாற்றியது ஐந்தொகையில் என் கணவரின் வேலைக்காக எழுதிய பத்தி. மின்வேதியியல் படித்த அவருக்கு, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட செக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதால்தான் காரைக்குடியில் வேலையே கிடைத்தது. ஆனால் அது திட்டக்கால வேலை, திட்டம் முடிந்தால் இந்த ஊரில் அந்தப் படிப்புக்கு அடுத்த கதவு இல்லை. பெங்களூருவிலோ மின்கலமும் மின்வாகனமும் சார்ந்த நிறுவனங்கள் பல இருக்கின்றன. ஓர் ஊரில் வேலைவாய்ப்பு வளர்கிறது என்றால், கையில் இருக்கும் வேலை போனாலும் வீட்டை மாற்றாமல் அடுத்த வேலைக்குப் போகலாம் என்பதையே நான் அதன் பொருளாகக் கொள்கிறேன். அதற்காகக் கூடுதல் வாடகை கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பணமாக எழுத முடியாத ஓர் இனமும் இருந்தது. இரண்டாம் வகுப்பில் இருக்கும் மகள் அங்கே கன்னடம் படித்தாக வேண்டும். தமிழ் எழுத்தை வீட்டில் நாங்கள்தான் சொல்லித்தர வேண்டும். அதற்கு நாள்தோறும் அரைமணி நேரம் என்று செலவுப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூன்றாண்டுத் தவணையை ஒரு கணக்கு என்று பேசிப் போனதை அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாங்களும் ஒரு கணக்குக்குத்தான் போகிறோம். மூன்றாம் ஆண்டு முடிவில் கணவருக்கு அங்கே நிலையான வேலை அமையாமல், வாடகையும் என் சம்பள உயர்வை விழுங்கியிருந்தால், முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு காரைக்குடிக்கு வந்துவிடுவது என்று இருவரும் பேசி, ஐந்தொகையின் அடியில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.