பல்பு எரியும் அலமாரி

ஜூன் 3, செவ்வாய்

அலமாரியைத் திறந்தேன். பல்பு எரியவில்லை.

ஜூன் 4, புதன்

இரவெல்லாம் சாரல். தக்கலையில் இந்த மாதம் துவைத்த துணியே மூன்று நாள் ஈரம் விடாது. அப்பா எடுத்த கல்யாண வீடியோ கேசட் எப்படித் தாங்கும்? மழை தொடங்கிவிட்டால் அப்பா மர அலமாரியின் அடித்தட்டில் 15 வாட்ஸ் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிடுவார். லென்சில் பூஞ்சை பிடிக்கக் கூடாது. கரண்டு காசு என்று அம்மா அணைத்துவிட்டால் அன்று வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு அந்தப் பல்பை யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

எண்ணி எழுதினேன். விஎச்எஸ் 63. சின்ன டிஜிட்டல் கேசட் 41. டிவிடி இரண்டு பெட்டி. ஹார்ட் டிஸ்க் 5. விஎச்எஸ் கேசட்டுகளில் ஏழின் சுருளோரத்தில் மாவு தூவியதுபோல் வெள்ளை. அவற்றை ஓட்டக் கூடாது. பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஏறிவிடும். தனியே பையில் கட்டி வைத்தேன்.

புதுப் பல்பு வாங்கி மாட்டினேன்.

ஜூன் 5, வியாழன்

எதை முதலில் எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் கைப்பேசியில் உள்ள படங்கள் நாளைக்கும் இருக்கும். கேசட் இருக்காது. ஆகவே கேசட்டுகள் முதலில்.

சின்ன டிஜிட்டல் கேசட் ஒரு மணி நேரம் ஓடும். அதை ஒரு மணி நேரம் ஓட்டித்தான் கணினிக்குள் எடுக்க முடியும். குறுக்குவழி இல்லை. ஒவ்வொன்றும் 13 ஜிபி. 41 மணி நேரம், 530 ஜிபிக்கு மேல். கேமராவை இணைக்கும் ஃபயர்வயர் துளை இருப்பது அப்பா ஸ்டுடியோவின் பழைய கணினியில் மட்டுமே. அது இன்னும் உயிரோடு இருப்பது பெரிய ஆறுதல்.

ஜூன் 7, சனி

அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் ஊரும் மாதமும் ஆண்டும் மட்டும். அதுவும் மலையாள ஆண்டு. '1178 ஆவணி, கருங்கல்.' '1181 தை, திருவட்டார்.' தாத்தாவின் பத்திரங்களில் பார்த்த ஆண்டை அப்பா கல்யாண வீடியோவில் எழுதியிருக்கிறார். ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. ஆவணி முதல் ஜனவரி பிறக்கும்வரை 824 கூட்ட வேண்டும், அதன் பிறகு 825. அப்படியானால் கருங்கல் 2002, திருவட்டார் 2006.

கோப்புக்கு இப்படிப் பெயர் வைக்கிறேன்: 2006-01, திருவட்டார், கல்யாணம். ஆண்டை முன்னால் வைத்தால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். அப்பாவின் ஆண்டையும் பெயரின் கடைசியில் விட்டுவைத்தேன். அழிக்க மனம் வரவில்லை.

மார்கழிக்குத்தான் இந்தக் கணக்கு உதவாது. பாதி டிசம்பர், பாதி ஜனவரி. ஒரு கேசட்டில் '1180 மார்கழி, குளச்சல்' என்று இருக்கிறது. 2004 டிசம்பரா, 2005 ஜனவரியா? அந்த மார்கழியின் நடுவில்தான் டிசம்பர் 26, சுனாமி நாள், வருகிறது.

அதைக் கடைசியில் வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

கஞ்சி போதும் என்று அப்பா இடது கையால் தள்ளினார்.

ஜூன் 10, செவ்வாய்

மஸ்கட்டிலிருந்து அண்ணன். "எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டுவிடு, எதற்கு இந்தப் பாடு?" கோபம் வந்துவிட்டது. போடலாம். போட்டபின் அது யார் வீட்டுக் கல்யாணம், மணமேடைக்குப் பக்கத்தில் நிற்கும் கிழவி யார் என்று கூகுளா சொல்லும்? அது அப்பாவின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. கோப்பு தொலைந்தால் அது ஓர் இழப்பு. பெயர் தொலைந்தால், கோப்பு கையில் இருக்கும்போதே தொலைந்ததுதான்.

அவன் பங்குக்குப் பழைய படங்கள் 80 வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எல்லாம் சுருங்கி, எடுத்த தேதி போய், வந்த தேதி மட்டும் கோப்பின் பெயரில் நிற்கிறது. ஆவணமாக அனுப்பு அண்ணா என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

அப்பாவின் கட்டிலருகே மடிக்கணினியை வைத்துப் படம் படமாகக் காட்டினேன். "இது குலசேகரமா?" தலையசைத்தார். "இது இரணியல் மாமா வீடா?" தலையசைப்பு. இருபது படத்துக்கும் ஆமாம். மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டே போனேன். பிறகு ஏனோ சந்தேகம் வந்து, அம்மாவின் படத்தைக் காட்டி "இது அத்தையா?" என்றேன். அதற்கும் தலையசைத்தார்.

இருபதையும் அழித்தேன்.

சாயங்காலம் வேறு மாதிரி முயன்றேன். இரண்டு ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி முன்னால் வைத்தேன். விரல் எதைத் தொடுகிறதோ அது. தாள்களை இடம் மாற்றி மறுபடி கேட்டேன். இரண்டு முறையும் அதே ஊரைத் தொட்டால் மட்டும் எழுதினேன். ஆறு படத்துக்கு ஒரு மணி நேரம். ஆறும் உறுதி.

ஜூன் 14, சனி

மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கில் 214 படங்கள். எல்லாம் 2008 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி எடுத்தவையாம். கேமராவின் உள் பேட்டரி தீர்ந்து தேதி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. படத்திலோ மண்டபத்துக்கு வெளியே ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன, ஜெனரேட்டர் ஓடுகிறது. ஒக்கி புயல். 2017 நவம்பர் 30 கழிந்து நடந்த கல்யாணம். அழைப்பிதழ் மேசை இழுப்பறையிலேயே கிடைத்தது: டிசம்பர் 10. ஒரு படத்தில் மாப்பிள்ளையின் தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம் 10.40 காட்டுகிறது. கேமரா அதை 1.22 என்கிறது. ஒன்று தெரிந்தால் போதும். அந்த வித்தியாசத்தை, படத்தின் தேதியை மாற்றும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் கொடுத்தேன். 214 படங்களும் சேர்ந்து தம் நாளுக்கு நகர்ந்தன. எத்தனை நாளைக்குப் பிறகு எனக்கு இப்படி ஒரு சந்தோஷம்!

ஜூன் 15, ஞாயிறு

ஐந்தாவது ஹார்ட் டிஸ்க் டக் டக் என்கிறது. உடனே இணைப்பைப் பிடுங்கினேன். இனி அதைத் தொடமாட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

25ஆவது கேசட். 31ஆவது நிமிடம். தாலி கட்டும் நேரம், நாதஸ்வரம் உச்சத்தில். அதற்குள்ளே, கேமராவுக்கு மிக அருகில்: "மக்களே, லைட்டைத் தூக்கு."

அப்பா.

மக்களே என்று அழைத்தது என்னைத்தான். லைட்டைப் பிடித்திருந்தவள் நான். ஒன்பதாம் வகுப்பு. கை வலிக்கும்.

இத்தனை ஆண்டு, இத்தனை வீடுகளின் குரல்களைப் பதிந்தவர். எங்கள் வீட்டுப் படங்கள் எதிலும் அவர் இல்லை, எடுத்தவர் அவரல்லவா? இந்த மூன்று சொல்தான். துண்டாக வெட்டி, தனிக் கோப்பாக்கி, அவர் காதருகே போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி போட்டேன். ஐந்தாம் தடவை உதடு கோணி, மெதுவாக, "தூக்கு" என்றார்.

அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார்.

ஜூன் 18, புதன்

தண்ணீருக்கும் தூக்கு. ஜன்னலுக்கும் தூக்கு. எனக்கும் தூக்கு. பேச்சுப் பயிற்சி தருபவர் இது நடப்பதுதான் என்கிறார். பழகிய பாட்டு, ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது, இவற்றையும் கூடவே சொல்ல வைக்கச் சொன்னார்.

ஜூன் 22, ஞாயிறு

வடசேரி அக்கா வந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் போனாள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். நகல் எடுத்தால் மட்டும் போதாது, சரிபார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டதில் மூன்று ஒத்துவரவில்லை. அவற்றில் ஒன்று 25ஆவது கேசட். திரும்ப எடுத்தேன். கை நடுங்கியது.

அக்கா மட்டிப்பழம் கொண்டுவந்திருந்தாள். அப்பா இரண்டு சாப்பிட்டார்.

ஜூன் 26, வியாழன்

40 முடிந்தது. பல்பு எரிகிறது.

ஜூன் 29, ஞாயிறு

குளச்சல் கேசட்டை அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கினார், எழுத்தைப் பார்த்தார். டிசம்பர், ஜனவரி என்று இரண்டு தாள்கள் வைத்தேன். இரண்டையும் தொடவில்லை. கேசட்டை என் பக்கம் தள்ளி, அலமாரியைக் காட்டினார்.

அந்த ஜனவரியில் அப்பா பல நாள் வேலைக்கே போகவில்லை. அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

அவர் பார்க்க வேண்டாம் என்கிறார். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன், தவறாகவும் இருக்கலாம். ஆனால் இன்னும் இரண்டு மழைக்காலம் போனால் பார்க்கவேண்டும் என்று நினைத்தாலும் அதில் ஒன்றும் இருக்காது. திரையின் மேல் துண்டைப் போட்டு, ஒலியை அடைத்து, ஓடவிட்டேன்.

37ஆவது நிமிடத்தில் கரண்டு போயிற்று. கேசட் கேமராவுக்குள்ளேயே நிற்கிறது. அலமாரியும் இருட்டு.