கேஸ் ஷீட்டின் கடைசிக் கட்டம்

எங்கள் மனநலப் பிரிவின் கேஸ் ஷீட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. சிகிச்சையால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்று அதில் எழுத வேண்டும்: நன்று, சுமார், குறைவு. உளவியலாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் அதை அரை நிமிடத்தில் நிரப்பிவிடுவேன். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் அலைக்கழிக்கும் மனநலப் பாதிப்பு), கூடவே தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் என்றால் 'குறைவு'. யோசிக்கவே மாட்டேன்.

அப்படி நான் எழுதிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அவசரப் பிரிவில் அவர் முகம் பழகிப்போயிருந்தது, "மறுபடியுமா?" என்பதுதான் அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பு. "எங்களை மிரட்டத்தான் இப்படிச் செய்கிறாள்" என்றார் அம்மா. அந்தப் பெண் முன்பு இரண்டு இடங்களில் சிகிச்சையைப் பாதியில் விட்டிருந்தார். அதே வாரம் இன்னொருவரும் வந்தார். நிதானமாகப் பேசுவார், சொன்னதையெல்லாம் குறித்துக்கொள்வார். அவருக்கு 'நன்று' என்று எழுதி, வாரம் ஒரு முறை வரச் சொன்னேன். இந்தப் பெண்ணுக்கு மாதம் ஒரு முறை.

எங்கள் பிரிவின் மூத்த சமூகப் பணியாளர் இரண்டு கேஸ் ஷீட்டுகளையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாடி மெலிந்தவரை அடிக்கடி பார்ப்போமா, எப்போதாவது பார்ப்போமா?" எனக்குப் பதில் வரவில்லை. அன்றே அந்தப் பெண்ணையும் வாரம் ஒரு முறை வரச் சொன்னேன். என் கணிப்பு தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளும் வழி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குறைவு என்று எழுதுகிறோம், குறைவாகக் கொடுக்கிறோம், பலன் குறைந்ததும் சரியாகத்தான் கணித்தோம் என்று நம்பிக்கொள்கிறோம்.

'நன்று' ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு வரவில்லை. 'குறைவு' ஓராண்டைத் தாண்டியும் வந்தார்.

பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். தற்கொலை எண்ணங்களையும் முயற்சிகளையும் முன்கூட்டிக் கணிப்பது பற்றி ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை 2017-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். கணிப்புகள் குருட்டாம்போக்கை விடச் சற்றுத்தான் மேலாக இருந்தன. எதிர்காலத் தற்கொலையையோ மீண்டும் காயப்படுத்திக்கொள்வதையோ கணிக்க மதிப்பெண் பட்டியல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. சிகிச்சையின் பலனைப் பொறுத்தும், வயதோ படிப்போ நிலையாக எதையும் காட்டுவதில்லை. நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையிலான பிணைப்பு ஓரளவு காட்டுகிறது. அதை முதல் நாளில் எப்படி எழுத முடியும்?

அமெரிக்காவின் சியாட்டிலில் உளவியலாளர் மார்ஷா லினஹான், தீவிர உணர்ச்சிகளைச் சமாளிக்கப் பயிற்றுவிக்கும் டி.பி.டி. என்னும் சிகிச்சையை உருவாக்கி 1991-இல் முதல் ஆய்வை வெளியிட்டபோது, நான் 'குறைவு' என்று ஒதுக்கியிருக்கக்கூடிய பெண்களைத்தான் தேர்ந்தெடுத்தார். ஓராண்டில் அவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களை விட மிகச் சிலரே பாதியில் விட்டார்கள். பதின்வயதில் தானும் இதே துன்பத்துடன் ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011-இல்தான் அவர் வெளியே சொன்னார். அங்கே மிகவும் பாதிக்கப்பட்டவர்களுள் ஒருவர் என்று அவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிணைப்பு என்ற சொல் இனிமையாகக் கேட்கிறது. அந்த அறைக்குள் அது அப்படி இருப்பதில்லை. ஒரு வாரம் நான் திடீரென்று விடுப்பு எடுத்தேன். அலுவலக உதவியாளர் மூலம்தான் அந்தப் பெண்ணுக்குச் செய்தி போனது. அடுத்த முறை வந்தவர் உட்காரவே இல்லை. "நீங்களும் கைகழுவிவிட்டீர்கள், மேடம்" என்றார். முன்பாக இருந்தால் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருப்பேன். "நானே உங்களை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். என் தவறு, மன்னித்துவிடுங்கள்" என்றேன். வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையிலிருந்து நான்காக மடித்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு நாளும் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் எவ்வளவு இருந்தது என்று பூஜ்யம் முதல் ஐந்து வரை குறிக்கும் அட்டை அது. நான் வராத நாளுக்கு நேராக ஐந்து. அதே வரிசையில், செய்தீர்களா என்ற இடத்தில் 'இல்லை'. இரவுக்காக அட்டையின் அடியில் நாங்கள் எழுதிக்கொடுத்திருந்த, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416-ஐ இரண்டு முறை பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

"எப்போது சரியாகும்?" என்று எல்லா அம்மாக்களையும் போல அவர் அம்மாவும் கேட்டார். அமெரிக்காவில் பாஸ்டன் அருகே இதே கோளாறுள்ள 290 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, 93 சதவீதத்தினருக்கு அறிகுறிகள் குறைந்தபட்சம் இரண்டு ஆண்டுகள் தணிந்திருந்தன என்று சொன்னேன். அம்மா அழுதார். மற்றதையும் மறைக்கவில்லை: வேலை, உறவு இரண்டிலும் நன்றாக நிலைத்து முழுமையாக மீண்டவர்கள் பாதிப்பேர்தான்.

இப்போது அந்தப் பெண் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். நேர்காணலில் கைத் தழும்புகளைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவருடைய இன்றைய கவலை. முழுக்கைச் சட்டை அணியலாமா, கேட்டால் உண்மையைச் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம்? வரும் வியாழக்கிழமை நான் மேலாளராக உட்கார்ந்து கேள்வி கேட்கப் போகிறேன்.