ரோல் ஆன பெட்டியும் மூன்று நாள் முன்னால் வந்த போனும்

கப்பல் சரக்குத் தொழிலில் 'ரோல் ஆயிடுச்சு' என்று ஒரு வார்த்தை உண்டு. புக்கிங் போட்டு, காலி கண்டெய்னர் எடுத்து, லோடு ஏற்றி, சீல் வைத்து, கட்-ஆஃபுக்கு (பெட்டியை ஒப்படைக்கும் கடைசிக் கெடு) முன்னால் துறைமுகத்துக்குள் கொண்டுபோய் விட்ட பிறகும் உங்கள் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஏற்றுமதியாளர்களின் சரக்கைக் கப்பலில் அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர் வேலையில் இருக்கிற எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றில் புளி கரைக்கும்.

ஒரே வாரத்தில் இரண்டு லைன்கள், அதாவது கப்பல் கம்பெனிகள், என் பெட்டிகளை ரோல் செய்தன. ஒன்றிலிருந்து கப்பல் போன மறுநாள் தானாக அனுப்பப்பட்ட ஒரு மெயில் வந்தது, அவ்வளவுதான். இன்னொன்றில் புக்கிங் பார்க்கும் பையன் மூன்று நாள் முன்னாலேயே போன் செய்தான்: "சார், கப்பல்ல வெயிட் அதிகமாயிடுச்சு, உங்க ஆறுல ரெண்டு ஏறாது போலிருக்கு, எது அவசரம்னு சொல்லுங்க, அதை முதல்ல ஏத்திடறேன்." இரண்டாவது லைனிலும் பெட்டி நின்றதுதான். ஆனால் எந்த இரண்டு நிற்கலாம் என்பதை முடிவு செய்தது நான். பார்ட்டியின் தொழிற்சாலை ஓடுவதற்குத் தேவையான பாகங்கள் கிளம்பிவிட்டன, ஸ்டாக்கில் வைக்கிற சரக்கு மட்டும் பின்னால் போனது. அந்த லைனின் ரேட் கொஞ்சம் கூடுதல்தான். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அவன் நல்ல பையன் என்பதால் மட்டும் போன் செய்யவில்லை. எங்கள் பக்கம் பத்துப் பெட்டி என்றால் பத்து வரும், எட்டுதான் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம், அது அவனுக்குத் தெரியும். பெரும்பாலும் நடப்பது வேறு. ஸ்பேஸ் கிடைக்காதோ என்ற பயத்தில் ஏற்றுமதியாளர் ஒரே சரக்குக்கு இரண்டு மூன்று லைனில் புக் செய்கிறார், ஒன்று கிடைத்ததும் மற்றதைக் கேன்சல்கூட செய்யாமல் விட்டுவிடுகிறார். எப்படியும் பாதி வராது என்று லைனும் இடத்துக்கு மேல் புக்கிங் வாங்கிப் போடுகிறது. வராது என்று நினைத்ததெல்லாம் ஒரு வாரம் சேர்ந்து வந்துவிட்டால் ரோல், ரோல் ஆனதால் அடுத்த வாரம் இன்னும் அதிகமாகப் போலி புக்கிங். இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஒப்பந்தத்தில் இத்தனை பெட்டி தருவேன், இத்தனை இடம் தருவேன் என்று எழுதித்தான் இருக்கும். தராவிட்டால் என்ன என்ற இடத்தில் பல ஒப்பந்தங்கள் மௌனமாகிவிடும். அதனால்தான் 2021-ல் சந்தை ரேட் ஏறியதும் பல லைன்கள் ஒப்பந்தச் சரக்கை ஓரம் தள்ளின. ரேட் விழுந்தபோது ஏற்றுமதியாளர்களும் அதையேதான் செய்தார்கள்!

கப்பல் நேரம் தவறுவதற்கு சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பல், செங்கடல் தாக்குதல்கள் என்று பெரிய காரணங்கள் எப்போதும் கிடைக்கும். 2022 ஆரம்பத்தில் உலக அளவில் பத்துக் கப்பலில் மூன்றுதான் சொன்ன நேரத்துக்கு வந்தது. அந்த மாதிரிக் காலத்தில் டிராக்கிங் தளம் பெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் காட்டும், ஏறுமா ஏறாதா என்பதை உள்ளே இருக்கிற ஓர் ஆள்தான் சொல்ல முடியும்.

அப்புறம் நாம் கைகுலுக்கிய ஆள் மட்டும் சரியாக இருந்தால் போதாது. 2016 ஆகஸ்ட் கடைசியில் ஹான்ஜின் என்ற கொரியக் கப்பல் கம்பெனி கடனில் மூழ்கி நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டபோது, ரொக்கம் வைத்தால்தான் பெட்டியைத் தொடுவோம் என்று டெர்மினல்கள் சொல்லிவிட்டன, கப்பல்கள் கடலில் நின்றன. ஹான்ஜினுக்கு ஒரு புக்கிங்கூடக் கொடுக்காதவர்களின் சரக்கும் அதில் மாட்டிக்கொண்டது, ஏனென்றால் கப்பல்களில் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டணியில் இருந்த மற்ற லைன்கள் தங்கள் பெட்டிகளை அந்தக் கப்பல்களில் ஏற்றியிருந்தன. அதிலிருந்து புது லைனிடம் பேசும்போது ரேட்டுக்கு முன்னால் நான் கேட்பது, கப்பல் யாருடையது என்றுதான்.

அந்தப் பையன் இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். இத்தனை வருட உறவும் அவன் போன் நம்பரோடு போய்விட்டது மாதிரி இருந்தது. புதிதாக வந்த பெண்ணுக்கு நான்கு மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடுத்த மூன்று வாரக் கணக்கை அனுப்புகிறேன், குறைவதாக இருந்தால் அதையும் எழுதுகிறேன். பதிலே வராது. போன வாரம்தான் முதல் தடவையாக வந்தது: "சார், வியாழக்கிழமை கப்பல் டைட்டா இருக்கு, உங்க அஞ்சுல எது முக்கியம்?"