ஒயின் குடிக்காத ஊரில் ஒயின் தொட்டி

வேலை விஷயமாக அல்ஜீரியாவில், ஒரான் நகரத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை வருடம் இருந்தேன். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஒரு வெள்ளிக்கிழமை, கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் தன் சொந்த ஊரான மஸ்காரா பக்கம் காரில் கூட்டிக்கொண்டு போனார். கண் இமையில் பூசுகிற மஸ்காராவுக்கும் ஊர்ப் பெயருக்கும் சம்பந்தமா என்று கேட்டேன், சிரித்துவிட்டார். 'முஅஸ்கர்' என்றால் அரபியில் படைமுகாமாம். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துச் சண்டை போட்ட எமிர் அப்துல் காதிருக்கு இதுதான் தலைநகராக இருந்தது.

வழியில் ஒரு சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்குக் குட்டைப் புதர்கள். திராட்சை என்றார். கம்பம் பக்கம் பந்தலில் குலை குலையாகத் தொங்குவதைப் பார்த்துப் பழகிய எனக்கு நம்பவே முடியவில்லை. பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை, தண்ணீரும் விடுவதில்லையாம். குளிர்காலத்தில் பெய்கிற மழையை வேர் பிடித்து வைத்துக்கொண்டு கோடை முழுக்க ஓட்ட வேண்டும், பழத்துக்கு அதன் இலைதான் நிழல்.

அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய ஒயின் ஆலை. வெளியே ஓட்டுக் கூரை, உள்ளே கான்கிரீட் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு. இத்தனையையும் யார் குடித்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது.

குடித்தது பிரான்ஸ். 1860களிலிருந்து பிலாக்சீரா என்கிற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்க்க, 1830லிருந்தே தங்கள் பிடியில் இருந்த அல்ஜீரியாவில் கொடி நட ஆரம்பித்தார்கள். நிலம் உள்ளூர்க்காரர்களிடமிருந்து போனது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1930களில் ஏறத்தாழ 4 லட்சம் ஹெக்டேர் திராட்சை, நல்ல வருடத்தில் 200 கோடி லிட்டர் ஒயின். பெரும்பான்மை முஸ்லிம் மக்கள் தொடாத பொருள், நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்குப் பக்கம் அதுதான். தென் பிரான்சில் அராமோன் என்கிற திராட்சை வகையிலிருந்து வந்த ஒயின் வெளிறிப்போய், சத்தில்லாமல் இருக்கும், அதில் வெயிலில் காய்ந்து கருத்த அல்ஜீரிய ஒயினை ஊற்றினால் நிறமும் வேகமும் வந்துவிடும். பாட்டிலில் மட்டும் பிரெஞ்சுப் பெயர்.

எனக்குப் பிடித்தது அந்தத் தொட்டிகளின் சங்கதி. வெயில் கொளுத்தும்போது அறுவடை, சாறு நொதிக்கும்போது அதுவாகவே வேறு சூடாகும், 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சுணங்கிப்போய் ஒயின் பாதியில் நின்று கெட்டுவிடும். அதனால் சாற்றைக் குழாயில் ஓடவிட்டு வெளியே தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தார்கள். இன்னொரு தந்திரமும் இங்கேதான் உருவானது. நொதிக்கும்போது கிளம்பும் வாயுவை மூடிய தொட்டியில் அடைத்தால், அது சாற்றை மேலே இருக்கும் திறந்த தொட்டிக்குத் தள்ளும். அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் வாயு தானாக வெளியேற, மேலே போன சாறு மொத்தமும் தடாலென்று கீழே மிதக்கும் திராட்சைத் தோல் மேல் கொட்டி நிறத்தை இழுத்துக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம், ஆள் ஏறி மிதிக்கவும் வேண்டாம். பிற்பாடு, மின்சாரம் சரியாக எட்டாத போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் போர்ட் ஒயின் செய்பவர்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, 1962இல் சுதந்திரம் வந்தது. ஒயினை வாங்கியவன் எவனோ அவனை எதிர்த்துத்தான் எட்டு வருடம் போர். பிரான்ஸ் வாங்குவதை வெட்டிக் குறைத்தது, 1970இல் பிரான்சும் சேர்ந்திருந்த ஐரோப்பியப் பொதுச்சந்தை வெளி ஒயினைத் தங்கள் ஒயினோடு கலக்கவே தடை போட்டது. 1969இல் சோவியத் யூனியன் வருடத்துக்கு 50 கோடி லிட்டர் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டது, ஆனால் விலை அடிமாட்டு விலை. அப்போது அல்ஜீரியாவை ஆண்ட பூமதியனின் அரசு கொடிகளைப் பிடுங்கச் சொன்னதற்கு மதம்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள், எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. விற்கவும் முடியாத, வீட்டில் குடிக்கவும் முடியாத பயிரை எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பது? கோதுமை போட்டார்கள். ஆனால் கொடிக்கு வருடம் முழுக்கக் கை வேண்டும், கவாத்து, கொத்து, அறுவடை என்று. கோதுமைக்கு அத்தனை ஆள் எதற்கு?

நண்பரின் தாத்தா இந்த ஆலைக்குத்தான் கூலிக்குப் போனாராம். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை, ஐந்து வேளை தொழுகிற மனுஷர். ஆனால் எந்தத் தொட்டியில் நொதிப்பு நின்றுபோகப் போகிறது என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவாராம். துரைக்கு முன்னால் இவரிடம்தான் கேட்பார்கள் என்று சொல்லும்போது நண்பருக்குப் பெருமையா கோபமா, எனக்குப் பிடிபடவில்லை.

மஸ்காரா ஒயின் இன்றைக்கும் வருகிறது, கொஞ்சமாக. அந்த ஆலையில் இப்போது உருளைக்கிழங்கு மூட்டைகள். காவலுக்கு இருந்தவர் இவருக்குத் தூரத்து உறவு போல, பத்து கிலோ கட்டிக் கொடுத்தார், டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.