வன்னியில் கல் அரிந்த காலம்

நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வன்னிக்குப் போய் வீடு கட்டுகிறாயாமே என்று நம் பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விருந்து மேசையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாத அந்தப் பதிலை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் அன்போடு கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இலண்டனில் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றினேன். வெள்ளமோ தீயோ புயலோ வந்தால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு நட்டம் ஏற்படும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதுதான் என் தொழில். சம்பளம் நிறைவாகவே இருந்தது. ஆனால் போரில் கூரையும் சுவரும் இழந்த என் சொந்த மண்ணின் வீடுகள் எந்தக் காப்புறுதிப் பத்திரத்திலும் இடம்பெறாதவை என்ற எண்ணம் ஆண்டுக்காண்டு வலுத்தது. பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்ற பின்னர், உடம்பில் தெம்பு இருக்கும்போதே போக வேண்டும் என்று முடிவெடுத்து, 2016இல் வேலையிலிருந்து விலகினேன்.

நான் சென்ற வேளையில் வடக்கில் வீடமைப்பு வேலை புதிதன்று. போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டு, மக்கள் தறப்பாள் கொட்டில்களில் மீளக் குடியேறியிருந்தார்கள். அதற்கடுத்த மாதம் இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தின் பெரும் பகுதி தொடங்கி, ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணை தவணையாக வங்கிக் கணக்கில் வைப்பிடப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலுமாக 46,000 வீடுகள் அத்திட்டத்தில் அடங்கின. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் ஹபிடாட் ஃபோர் ஹியுமானிட்டி, வேர்ல்ட் விஷன் ஆகிய நிறுவனங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு மாவட்டங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வீடு கட்ட உதவின. ஹபிடாட் நிறுவனத்தை 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய மில்லர்ட் ஃபுல்லர் முப்பது வயதுக்குள் பெரும் பணம் ஈட்டிய வணிகர் என்பதும், அந்தச் செல்வத்தைத் துறந்துவிட்டே இப்பணிக்கு வந்தார் என்பதும் எனக்கு அக்காலத்தில் மிகுந்த ஊக்கம் தந்த செய்திகள்.

வீடு எழுந்தது, ஆனால் பல குடும்பங்களில் வீட்டோடு கடனும் எழுந்தது. சீமெந்து, மணல், கூலி எல்லாவற்றின் விலையும் ஏறிக்கொண்டே போக, உதவித்தொகை கூரை மட்டத்தோடு தீர்ந்துவிட, மிகுதி வேலைக்கு நகையை அடகு வைத்தவர்களும், வாரந்தோறும் வாசலுக்கு வந்து தவணை அறவிடும் நுண்கடன் நிறுவனங்களிடம் கையெழுத்திட்டவர்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கட்டி முடித்த பின்னர் அதில் வாழும் குடும்பம் கடனால் நொடிந்துபோகுமானால் அந்த வீட்டைச் சூழலுக்கு உகந்தது என்றோ மலிவானது என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கடன் வைக்காத வீட்டை எப்படிக் கட்டுவது என்பதே நான் கற்க விரும்பியதாயிற்று.

ஊருக்குப் போகும் வழியில், இந்தியாவில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் இறங்கினேன். அங்கே 1989 முதல் இயங்கிவரும் எர்த் இன்ஸ்டிட்யூட் நிறுவனத்தில் அழுத்திய மண்கல் செய்யும் முறையைக் கற்பிக்கிறார்கள். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சீமெந்து சேர்த்து, ஈரம் காட்டி, இரும்பு அச்சில் இட்டு, நெம்புகோலால் அழுத்தினால் கல் ஆயத்தம். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். ஆற்று மணலும் மிகக் குறைவாகவே வேண்டும். கனகராயன் ஆற்றுப் படுகைகளில் மணல் அள்ளி அள்ளிக் கரைகள் இடிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

எந்த மண் கல்லுக்கு ஆகும், எது ஆகாது என்பதே இம்முறையின் உயிர்நாடி. ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, சிறிது உப்புச் சேர்த்துக் குலுக்கி, அசையாமல் வைத்துவிட வேண்டும். மறுநாள் அடியில் பருக்கையும் மணலும், அதன் மேல் வண்டலும், எல்லாவற்றுக்கும் மேலே களியும் தனித்தனிப் படைகளாகத் தெரியும். நம் கல்லூரியில் எங்களுக்குப் புவியியல் கற்பித்த ஆசிரியர் இதே சோதனையை யன்னலோரத்து மேசையில் செய்து காட்டி, ஒவ்வொரு படையின் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுத வைத்தவர். அளக்காமல் எழுதியவர்களை அவர் ஒருபோதும் விட்டதில்லை. வன்னியில் முதற் போத்தலை அளந்தபோது அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். பாதியளவு மணலும் ஐந்திலொரு பங்கு களியும் இருந்தால் மண் மிக நன்று. தெருவுக்குப் பரப்பும் கிரவல், அரிதட்டில் அரித்தெடுத்தால், பல ஊர்களில் இந்தப் பதத்துக்கு நெருங்கி வந்தது. முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களி மண்ணோ கோடையில் வெடித்து மாரியில் பொங்குவது. அதைக் கல்லுக்கு எடுக்கவே கூடாது, அதன் மீது வீடு கட்டுவதானால் அத்திவாரத்தையும் தனிக் கவனத்தோடு போட வேண்டும்.

கல் அரியும், அதாவது மண்ணை அச்சிலிட்டுக் கல்லாக்கும், கொட்டிலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். குழைத்த மண்ணில் ஒரு பிடி எடுத்து உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார்கள். அது தூளாகச் சிதறினால் ஈரம் போதாது, சப்பையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் மிகுதி, நாலைந்து கட்டிகளாக உடைந்தால் பதம் சரி. நீர் பட்ட கலவையை விரைந்து அழுத்திவிட வேண்டும், இல்லையேல் சீமெந்து இறுகத் தொடங்கிவிடும். ஆகவே ஒருவர் அளக்க, ஒருவர் நிரப்ப, இருவர் நெம்புகோலில் தொங்கி அழுத்த, இன்னொருவர் கல்லின் விளிம்பு உடையாமல் இரு உள்ளங்கைகளாலும் தூக்கி நிழலில் அடுக்குவார். அடுக்கிய கல்லைச் சாக்குப் போட்டு மூடி நாள்தோறும் நனைத்து, 28 நாள் கழிந்த பிறகுதான் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். என் முதற்கற்களில் ஒன்றைத் தட்டிப் பார்த்த அக்கா ஒருவர், “தம்பி, சத்தம் நல்லாயிருக்கு, வையுங்கோ” என்றார். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளுள் அதனை மிக உயர்வாகவே வைக்கிறேன்.

ஆயினும் மண்ணில் கட்டுவது என்றவுடன் முகம் சுளித்தவர்கள் பலர். முன்பு மண்வீட்டில் இருந்தோம், பின்பு கொட்டிலில் இருந்தோம், இப்போது உதவி கிடைத்தும் மண்வீடுதானா என்று அவர்கள் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. கல்வீடு என்பது வன்னியில் சுவரை மட்டும் குறிப்பதன்று; மீண்டும் தலைநிமிர்ந்துவிட்டோம் என்பதற்கு அது சாட்சி. அவர்களோடு வாதாடிப் பயனில்லை என்று கண்ட அனுபவமுள்ள மேசன் ஒருவர், கல்லொன்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் எடுத்துக் கொடுத்து, கரைந்திருக்கிறதா என்று பாருங்கள் என்பார். பொருள்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனமே இக்கல்லுக்கு 2009இல் நியமம் வகுத்திருக்கிறது என்ற செய்தியைவிட அந்த வாளித் தண்ணீருக்கு மதிப்பு அதிகமாக இருந்தது. விளிம்பு நேராக வந்த கல்லை நூல் பிடித்துக் கட்டினால் வெளிச் சுவருக்குப் பூச்சு வேண்டியதில்லை என்பதும், அதனால் எத்தனை பை சீமெந்து மிஞ்சும் என்பதும் கணக்கில் தெரிந்த பின்னர் பலர் மனம் மாறினார்கள். மாறாதவர்கள் சீமெந்துக் கல்லிலேயே கட்டினார்கள்; வீடு அவர்களுடையது.

அந்த இறுதி உரிமை வீட்டுக்காரரிடம் இருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு தாயார், வரைபடத்தில் வீட்டுக்குள் இருந்த அடுப்படியைக் காட்டி, “உந்தக் குசினியை உள்ளுக்கை வைச்சா விறகுப் புகை முழுக்கச் சாமியறைக்குத்தான் போகும் தம்பி, பின்னாலை தள்ளி வையுங்கோ” என்று சொல்ல, வரைபடம் அன்றே மாற்றப்பட்டது. இதே காலத்தில் வடக்குக் கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா செலவில் பொருத்துவதற்கு அரசு முன்வைத்த திட்டத்தைப் பொறியியலாளர்களும் ஊர் மக்களும் எதிர்த்தார்கள். அரசின் கல்வீட்டு உதவி அப்போது எட்டு இலட்சமாக இருந்தது. பொருத்தி முடித்துக் கையளிக்கும் வீட்டில் குசினியைத் தள்ளி வைக்கச் சொல்ல இடமில்லை. மேசனுக்கும் ஓடாவிக்கும் கல் அரியும் பெண்களுக்கும் கூலியும் இல்லை. அந்த எதிர்ப்பு முற்றிலும் சரியானது என்பதே என் கருத்து.

என் கையால் ஆனது என்னவென்றால், கல் அரிந்ததைவிடக் கணக்கு எழுதியதே அதிகம். காப்புறுதி நிறுவனத்தில் பழகிய முறையையே ஒரு நாற்பது பக்கக் கொப்பிக்குக் கொண்டுவந்தேன். எந்தத் தவணைப் பணம் எந்த மட்டம் வரை போதும், எந்தப் பொருளை எப்போது வாங்க வேண்டும், கூலியில் எவ்வளவைக் குடும்பமே உழைத்து ஈடு செய்யலாம், விறாந்தையை இப்போது கட்டுவதா இரண்டு போகம் கழித்துக் கட்டுவதா என்பவற்றை வீட்டுக்காரரோடு இருந்து எழுதி, அவரே வாசித்துப் பார்த்த பின்னர்தான் அத்திவாரம் வெட்டுவோம். 2021இல் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை மறு ஆண்டு மூவாயிரம் ரூபா அளவுக்கு ஏறியபோது, சீமெந்தைக் குறைவாக நம்பியிருந்த வீடுகளின் வேலை மெதுவாகவேனும் நடந்தது. மற்றவை பல மாதம் நின்றுவிட்டன.

வெளிநாட்டுக் கிளைகள் இப்போதும் ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்புகின்றன. அனுப்புவோர் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். பெயர்ப்பலகையோடு ஒரு பெரிய வீட்டுக்குக் கொடுக்கும் தொகையில், ஏற்கெனவே பாதியில் நிற்கும் பல வீடுகளுக்குக் கதவும் கூரையும் போடலாம். அடுத்தது, வன்னியில் ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். அதற்கு முன் கூரை ஏற வேண்டுமானால் ஆடிக்குள் கல் அரிந்து முடிக்க வேண்டும். ஆகவே தைப்பொங்கல் விழாவில் சேர்க்கும் நிதி சித்திரைக்குள் வீட்டுக்காரர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.